சிங்கப்பூர், மலேசியா போகும்போது பணத்தை எப்படி எடுத்துப் போவது? ரொக்கமா, ஃபாரெக்ஸ் கார்டா?

கேள்வி கேட்டவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருச்சியிலிருந்து கிளம்புகிறார். முதலில் சிங்கப்பூர், பிறகு கோலாலம்பூர், மொத்தம் ஒரு வாரம். பணத்தை எல்லாம் ரொக்கமாக எடுத்துப் போகலாமா, ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் கார்டு) வாங்கலாமா என்று கேட்கிறார். இரண்டு ஊரிலும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதால் அடிக்கடி போய்வருகிறவன். என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

ரொக்கமா கார்டா என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் ரூபாய் எந்த இடத்தில் டாலராக மாறுகிறது, மாற்றிக் கொடுப்பது யார் என்று முதலில் பாருங்கள். காசு கரைவது அங்கேதான். சாதாரண டெபிட் கார்டையோ கிரெடிட் கார்டையோ வெளிநாட்டில் தேய்த்தால் நம் வங்கிகள் வழக்கமாக 3.5% மார்க்கப், அதாவது பணத்தை மாற்றித் தருவதற்கான கூடுதல் கட்டணம், போடுகின்றன. அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 4.13%. ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் சும்மா போகிறது. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டில் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் பெரிய செலவை எல்லாம் அதிலேயே செய்யுங்கள். இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், வந்து சேரச் சில நாள் ஆகும்.

மணி சேஞ்சரிடம் 'கமிஷன் இல்லை' என்று போர்டு இருக்கும். அவர் விற்கும் ரேட்டுக்கும் கூகுளில் காட்டும் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருடைய லாபம், அதை மட்டும் பாருங்கள். திருச்சியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரும்போது டாலரையும் ரிங்கிட்டையும் கொண்டுவந்து விற்கிறார்கள், போகிறவர்கள் வாங்குகிறார்கள். அதனால் இந்த இரண்டு பணமும் அங்கே தாராளமாகப் புழங்கும். மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் கையில் இருக்கட்டும். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்டவேண்டும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பத்து பைசா குறைத்துத் தருகிறேன் என்பவர் பக்கமே போகவேண்டாம். விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ரேட் எப்போதும் நமக்கு எதிராகத்தான் இருக்கும்.

ரிங்கிட்டைப் பொறுத்தவரை எனக்கு ஒரு வழக்கம். திருச்சியில் கொஞ்சம் ரிங்கிட் மட்டும் வாங்குவேன், இறங்கிய உடனே டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு. மீதியைச் சிங்கப்பூர் டாலராகவே கொண்டுபோய்க் கோலாலம்பூரில் மாற்றிக்கொள்வேன். இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம்தானே என்று தோன்றும். பொதுவாக அது சரிதான், ரூபாயை அமெரிக்க டாலராக்கி அதை ரிங்கிட்டாக்கினால் கை கடிக்கும். ஆனால் சிங்கப்பூர் டாலருக்கும் ரிங்கிட்டுக்கும் இடையே தினமும் அவ்வளவு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது, இரண்டு நாட்டையும் இணைக்கும் ஜோகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர்களே ஏராளம். அதனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கமோ, பிரிக்ஃபீல்ட்ஸிலோ, மிட்வேலி மாலிலோ வரிசையாக மணி சேஞ்சர்கள் இருக்கிறார்கள். போர்டைப் படித்துக்கொண்டே நாலு கடை நடந்தால் போதும். பல இடங்களில் தமிழிலேயே, "அண்ணே, ஐநூறு சிங்கப்பூர் டாலர் கொடுத்தா என்ன ரேட் போடுவீங்க?" என்று கேட்கலாம். தொகையைச் சொல்லிக் கேட்டால் போர்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பதும் உண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலும் இதே கதைதான், அங்கே இந்திய ரூபாயையே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு ஆள் 25,000 ரூபாய் வரைதான் இந்தியப் பணத்தை வெளியே கொண்டுபோகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு ஒரு வாரப் பயணத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அது சரி. உங்களுக்கு அதில் பணம் போட ஒரு கட்டணம், ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு கட்டணம், மிச்சத்தைத் திரும்ப எடுக்கும்போது இன்னொரு ரேட் என்று போகும். ஏஜென்ட் கட்டாயம் வாங்கச் சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதில் ரிங்கிட் இருக்கா?" இல்லாவிட்டால், பெரும்பாலான கார்டுகளில் மலேசியாவில் தேய்க்கும்போதெல்லாம் டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு மாற்றக் கட்டணம் தனியாக விழும். 'ஜீரோ மார்க்கப்' என்று சொன்னது அங்கே பெரும்பாலும் செல்லாது.

அடுத்தது, கடையில் நின்றுகொண்டு இரண்டு நொடியில் முடிவெடுக்கவேண்டிய விஷயம். சிங்கப்பூரில் ஒரு கடையில் 200 டாலருக்குப் பொருள் வாங்கிக் கார்டைக் கொடுக்கிறீர்கள். இயந்திரம் அது இந்தியக் கார்டு என்று கண்டுகொண்டு திரையில் இரண்டு தொகையைக் காட்டும், மேலே ரூபாயில் ஒன்று, கீழே சிங்கப்பூர் டாலரில் ஒன்று. நமக்கு ரூபாயைப் பார்த்தால் ஒரு நிம்மதி, எவ்வளவு என்று புரிகிறதே என்று அதை அழுத்திவிடுவோம். அழுத்தாதீர்கள். அந்த ரேட்டைப் போடுவது உங்கள் வங்கி அல்ல, அந்தக் கடையின் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். கணக்குக்காக ஒரு டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பில் 14,000 ரூபாய். இப்படி மாற்றும்போது 5% ஏற்றிப் போட்டிருந்தால் 14,700. அதோடு போகாமல், ரூபாயில் நடந்தாலும் வெளிநாட்டுக் கடை என்பதற்காக நம்மூர் வங்கிகள் பல தனிக் கட்டணமும் போடும். எனவே எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். சில கடைகளில் கேஷியரே அவசரத்தில் ரூபாயை அழுத்திவிடுவார். "சிங்கப்பூர் டாலர்ல போடுங்க" என்று கார்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள். தவறாகப் போட்டிருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே 'மாற்றாமல் தொடரவும்' என்ற பொருளில் இருக்கும் பட்டனைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான் கண்ணில் படாமல் இருக்கும்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை மறந்துவிடுங்கள். எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், கட்டணம் வேறு.

ஓட்டலில் செக்-இன் செய்யும்போது டெபாசிட் என்று ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ பிடித்தால் உங்கள் சொந்தப் பணம் முடங்கும், விடுவிக்க நாள் கணக்காகும். ஊர் சுற்ற வைத்திருந்த பணம் பக்கத்திலேயே இருந்தும் தொட முடியாது. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவில் மொத்தப் பணம் கட்டியிருந்தாலும் கவுன்ட்டரில் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம். ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான். நான்கு பேருக்கு ஒரே கார்டை நான்கு தடவை தட்ட முடியாது, இரண்டாவது ஆளே கேட்டில் நின்றுவிடுவார். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் சேவைக் கட்டணமும் சேரும். குடும்பத்துக்கு, ஸ்டேஷனிலேயே கிடைக்கும் பயண அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்குவது தொல்லையில்லாதது.

கிளம்பும் முன் வங்கி ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தபடிதான் வருகின்றன. ஏடிஎம், கடை, ஆன்லைன், தட்டுவது எல்லாவற்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், ஒன்றை விட்டாலும் அங்கே போய் முழிக்கவேண்டும். இன்னொன்று, உங்கள் இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளூர் சிம் போட்டால் ஓடிபி வராது. இணையத்துக்கு இசிம் போட்டுவிட்டு, நம்மூர் சிம்மை ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்கு மட்டும் வைத்திருங்கள்.

யுபிஐ பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2023 பிப்ரவரியில் யுபிஐயையும் அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தது ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப. கடையில் ஸ்கேன் செய்து கொடுப்பது வேறு சமாசாரம். சிங்கப்பூரில் சில கடைகளில் ஓடுகிறது, அதற்கும் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கவேண்டும். நடந்தால் நல்லது, அதை நம்பிச் சாப்பாட்டுக் கடை வரிசையில் நிற்கவேண்டாம். லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தேக்கா சென்டர் போன்ற இடங்களில் ரொக்கம்தான் தலைவலி இல்லாதது. உங்கள் நால்வருக்கும் அப்படிப்பட்ட இடங்களில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டாலர் ரொக்கம் தாராளம்.

மீதிச் சில்லறை வாங்கும்போது சிங்கப்பூர் நோட்டுக்கு நடுவில் புருனே என்று போட்ட நோட்டு ஒன்று வந்தால் பதறவேண்டாம். இரண்டு நாட்டுக்கும் 1967 முதல் ஒப்பந்தம் உண்டு, புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அதை ஊருக்குக் கொண்டுவந்தால் வாங்க ஆள் தேடவேண்டும், அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

பொருள் வாங்கும் திட்டம் இருந்தால் பயண வரிசையை மாற்றமுடியுமா என்று பாருங்கள். சிங்கப்பூரில் குறைந்தது 100 டாலருக்கு வாங்கினால், சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 9% ஜிஎஸ்டியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் விமானத்தில் வெளியேறினால்தான். பஸ்ஸில் ஜோகூர் வழியாகக் கோலாலம்பூர் போனால் அது போச்சு. முதலில் மலேசியா, கடைசியில் சிங்கப்பூர், சாங்கியிலிருந்து திருச்சி என்று வைத்துக்கொண்டால் நல்லது. அப்படிச் செய்தாலும் ரிங்கிட்டை முதலிலேயே திருச்சியில் கூடுதலாக வாங்கவேண்டியிருக்காது, சிங்கப்பூர் டாலரோடே போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

டூர் பேக்கேஜாக எடுத்தால் ஏஜென்ட் டிசிஎஸ் என்று வரி பிடிப்பார். அது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வாங்கலாம். நீங்களே டாலர் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும்.

திரும்பி வந்த பிறகு மிச்சம் இருந்தால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் விற்றுவிடவேண்டும். நோட்டை திருச்சியில் வாங்கிக்கொள்வார்கள். நாணயத்தை யாரும் தொடமாட்டார்கள், அதனால் கடைசி நாள் காபி, தண்ணீர் பாட்டிலை எல்லாம் நாணயத்திலேயே வாங்குங்கள். ஓட்டல் பாக்கி ஏதாவது இருந்தால், மிச்ச ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு மீதியை மட்டும் கார்டில் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.