பட்டம் யாருடையது, பதிவேடு யாரிடம்?

கேள்வி: அப்பா 1973-ல் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முடித்தவர். பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. மறுபிரதிக்கு அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில்தானே விண்ணப்பிக்க வேண்டும்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இல்லை, மதுரைக்குப் போங்கள். கல்லூரி இன்று யாரோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். தேர்வு நடந்த ஆண்டில் யாரோடு இணைந்திருந்தது என்று பாருங்கள்.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் நெல்லைக் கல்லூரிகள் நெடுங்காலம் இருந்தன. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் தென்மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 1978-ல் அதற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது. 1990-ல் நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகளைப் பிரித்து மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைத்தார்கள். கல்லூரிகள் இடம் மாறினவே தவிர, பழைய மதிப்பெண் பதிவேடுகள் தேர்வு நடத்திய இடத்திலேயே தங்கிவிட்டன. நாகர்கோவிலில் படித்த தாத்தாக்களின் கதை வேறு: 1937 முதல் மாநிலச் சீரமைப்பு வரை அங்கே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம். அந்தப் பட்டத்துக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டும்.

விண்ணப்பம் தேர்வாணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பொதுவாகக் கேட்பவை: சான்றிதழ் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் தரும் சான்று, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, கட்டண ரசீது, பழைய மதிப்பெண் பட்டியலின் நகல். அந்த நகலும் இல்லையென்றால் கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பதிவு எண்ணை வாங்க முயலுங்கள்.

தேடல் தடைபடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலப் பட்டப்படிப்பில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடம். ஒவ்வொன்றிலும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் வேறுவேறாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு அரியர் வைத்து அக்டோபரில் தேறியவரை ஏப்ரல் பதிவேட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மூன்று பகுதிகளுக்கும் தேர்ச்சி மாதத்தைத் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். இன்ஷியலும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கட்டும்.

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரியில் படித்தால் பட்டம் கல்லூரியுடையதா, பல்கலைக்கழகத்துடையதா?
- வாசகர், தேனி

பதில்: பட்டம் பல்கலைக்கழகத்துடையது. பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. அதனால் மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் கல்லூரியின் தேர்வு அலுவலகத்துக்கும், பட்டச் சான்றிதழ் தொலைந்தால் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் தொலைந்தவர் முதலில் மதிப்பெண் பட்டியலை வாங்கிவிடுவது நல்லது; அடுத்த விண்ணப்பத்துக்கு அது கைகொடுக்கும்.

கேள்வி: செனட், சிண்டிகேட் என்று இரண்டு அவைகள் எதற்கு? துணைவேந்தர் பதவி காலியானால் மாணவருக்கு என்ன நஷ்டம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: செனட் பெரிய அவை. கல்லூரி முதல்வர்கள், ஆசிரியர்கள் எனப் பலதரப்பாரும் இருப்பார்கள். ஆண்டறிக்கையும் கணக்கும் அங்கே விவாதத்துக்கு வரும். அன்றாட ஆட்சி சிண்டிகேட்டிடம்: பணி நியமனம், நிதி, புதுக் கல்லூரிக்கு இணைவு. உயர்கல்வித் துறைச் செயலர் போன்ற அரசு அதிகாரிகளும் அதில் உறுப்பினர்கள். பாடத்திட்டம் வேறு வழியில் நகரும். ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள பாடத்திட்டக் குழு வகுத்ததைக் கல்விசார் நிலைக்குழு ஏற்ற பிறகே அது வகுப்புக்கு வரும். புதுப் பாடம் கேட்டு மனு கொடுக்கிறவர்கள் நேராகத் துணைவேந்தருக்கு எழுதுவதைவிடப் பாடத்திட்டக் குழுத் தலைவருக்கு எழுதினால் வேலை நடக்கும்.

துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்க வழக்கமாக மூவர் கொண்ட தேடுதல் குழு அமைப்பார்கள்: வேந்தர், செனட், சிண்டிகேட் தரப்பில் தலா ஒருவர். இதில் ஒரு பெயர் வராமல் நின்றாலே எல்லாம் நின்றுவிடும். பதவி காலியாக இருக்கும்போது உயர்கல்விச் செயலர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு பார்த்துக்கொள்ளும். சம்பளப் பட்டியலுக்கு அது போதும். ஆனால் பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து வேண்டுமே! பட்டமளிப்பு விழா தள்ளிப்போக, வெளிநாட்டில் சேர இடம் கிடைத்த பிள்ளை தற்காலிகச் சான்றிதழோடு காத்திருக்க நேர்கிறது. அப்படிப்பட்டவர்கள் கடைசி வாரம்வரை காத்திராமல், தற்காலிகச் சான்றிதழின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் கடிதத்தைத் தேர்வாணையர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.