அட்வான்டேஜ் பிளானை விடும் முன் மெடிகேப் கிடைக்குமா பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 65 ஆனதிலிருந்து மெடிகேர் அட்வான்டேஜ் பிளானில், அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் பிளானில், இருக்கிறார். போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். அவருடைய இதய மருத்துவர் 2026 ஜனவரியிலிருந்து அந்தப் பிளானின் மருத்துவர் பட்டியலில் (நெட்வொர்க்கில்) இருக்க மாட்டாராம். அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேருக்கு மாற்றிவிடலாமா? அம்மாவுக்கு ஏப்ரலில் 65 ஆகிறது. அவருக்கும் இதே பிளானை எடுக்கலாமா? இருவரும் வருடா வருடம் கோவைக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வருவார்கள்.

பதில்: மாற்றலாம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை அதற்கான காலம்தான். ஜனவரி 1 முதல் அமலுக்கு வரும். ஆனால் இப்போதே விலகிவிடாதீர்கள். ஒரிஜினல் மெடிகேர் உங்கள் அப்பாவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் மெடிகேப், அதாவது ஒரிஜினல் மெடிகேரில் நம் பங்காக வரும் செலவை ஏற்கும் துணைக் காப்பீடு, விற்கும் தனியார் கம்பெனி சொல்லலாம். சிக்கல் முழுக்க அங்கேதான்.

ஒரிஜினல் மெடிகேரில் மருத்துவர் கட்டணம், ஸ்கேன், கீமோ போன்ற பார்ட் பி செலவில் 20% நம் பொறுப்பு. அதற்கு உச்சவரம்பே கிடையாது. மெடிகேர் கணக்கில் வருடத்துக்கு 60,000 டாலர் சிகிச்சை என்றால் 12,000 டாலர் கைக்காசு. அட்வான்டேஜ் பிளான்கள் 2026-ல் நெட்வொர்க்குக்குள் 9,250 டாலருக்கு மேல் நம்மிடம் வாங்க முடியாது. ஆக, மெடிகேப் இல்லாமல் ஒரிஜினலுக்குப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மெடிகேப்பில் பிளான் ஜி என்ற வகை இருந்தால், 2026-க்கான பார்ட் பி டிடக்டிபிள் (முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை) 283 டாலரைக் கட்டிவிட்டால் போதும். மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு அதன் பிறகு பெரிதாக எதுவும் கேட்கமாட்டார்கள். பிரீமியம் தனி.

65 வயதாகி பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதங்களில் மெடிகேப் கேட்டால் எந்தக் கம்பெனியும் நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. அட்வான்டேஜில் முதலில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் ஒரிஜினலுக்குத் திரும்பினாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அப்பாவுக்கு இரண்டுமே முடிந்துவிட்டது. நியூயார்க்கிலோ கனெக்டிகட்டிலோ இருந்தால் இப்போதும் மறுக்க முடியாது. டெக்சாஸ் சட்டம் அப்படி இல்லை. விண்ணப்பத்தில் ஸ்டென்ட் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டாம், பின்னால் பாலிசியே செல்லாமல் போய்விடும். ஒரு கம்பெனி மறுத்தாலும் இன்னொன்று ஏற்கலாம் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் மெடிகேப் ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். அப்புறம்தான் தனி பார்ட் டி மருந்து பிளானில் சேர வேண்டும். அதில் சேர்ந்த உடனே பழைய அட்வான்டேஜ் பிளான் தானாக ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. “மருந்துக்கு மட்டும்தானே” என்று முதலில் அதை எடுத்துவிட்டு, மெடிகேப் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு.

டிசம்பர் 7-க்குள் ஒப்புதல் வரவில்லையா? அந்த இதய மருத்துவர் இருக்கும் வேறொரு அட்வான்டேஜ் பிளானுக்கு மாற்றிவையுங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஒரு முறை மாறலாம். மெடிகேப் கிடைத்தால் அப்போது ஒரிஜினலுக்குப் போய்க்கொள்ளலாம். கிடைக்கவே இல்லை என்றால் அந்தப் புதுப் பிளானிலேயே இருக்கட்டும். மருத்துவர் அலுவலகத்தில் விசாரிக்கும்போது கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் பயனில்லை. ஒரே கம்பெனிக்குப் பல நெட்வொர்க்குகள் இருக்கும். பிளானின் முழுப் பெயரையும் 2026 என்பதையும் சொல்லி, பில்லிங் பார்ப்பவரிடமே கேளுங்கள்.

அம்மாவின் நிலைமை வேறு. அவருக்கு எந்த வியாதி இருந்தாலும் மெடிகேப் கதவு திறந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கானது), பார்ட் பி இரண்டுக்கும் பதிந்தால் ஏப்ரல் 1-ல் தொடங்கும், மெடிகேப் 6 மாதமும் அன்றிலிருந்துதான் ஓடும். அப்பா 10 வருடம் வேலை பார்த்து மெடிகேர் வரி கட்டியிருந்தால் அம்மாவுக்கும் பார்ட் ஏ இலவசம். பார்ட் பி-க்கு 2026-ல் மாதம் 202.90 டாலர். பிரீமியம் கட்டுப்படியாகும் என்றால் அவருக்கு மெடிகேப்தான் என் தேர்வு. அட்வான்டேஜில் பிரீமியம் குறைவு, பல், கண்ணாடி எல்லாம் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் 71 வயதில் அப்பா மாட்டியிருக்கும் இடத்துக்கு அம்மாவும் வர வேண்டாமே.

கோவைப் பயணத்துக்கு வருவோம். ஒரிஜினல் மெடிகேர் இந்தியாவில் செல்லாது. மெடிகேப் ஜி-யில், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் போக 80% கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். தங்குவது அதற்கு மேல் நீண்டால் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். அட்வான்டேஜ் பிளான் என்றால், அதன் சேவைப் பகுதியை விட்டுத் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

ஏஜென்டிடம் போகும் முன் மெடிகேர் பற்றி ஆலோசனை தரும் டெக்சாஸின் ஹைகேப் (HICAP) திட்ட ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். இலவசம், கமிஷன் கிடையாது. 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் கேட்டால் இணைத்துவிடுவார்கள். அப்பாவே பேச விரும்பினால் அந்த எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.