சென்னையில் இருப்பவர்கள் இப்போது விடுமுறைக்கு ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதலில் காலண்டர், அப்புறம்தான் ஊர். மே மாதம் முழுக்கத் தாத்தா வீட்டில் இருந்துவிட்டு வருவது குறைந்துவிட்டது. வெள்ளியோ திங்களோ அரசு விடுமுறை வந்தால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அதற்குள் போய்வரக்கூடிய புதுச்சேரி, ஏலகிரி, ஏற்காடு என்று மனசு ஓடுகிறது.

அடுத்து டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போது வீட்டில் இருவர் ஆளுக்கொரு போனோடு உட்காருகிறார்கள். பொங்கல், தீபாவளி என்றால் கொஞ்ச நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட்தான். டிக்கெட் கிடைத்த ஊரே சுற்றுலா ஊர் என்று முடிவாகிவிடுகிறது.

வெளிநாடும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்ததும், கோவாவுக்கு ஆகும் செலவோடு கோலாலம்பூரை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஊட்டி, கொடைக்கானல் ஆசை மட்டும் குறையவில்லை. ஆனால் உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மலை தாங்கவேண்டுமே, இது தேவையான கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன். அறை பதிவு செய்வதற்கு முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் அது தேவையில்லை.