தடயப்படமும் மேற்பார்வையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தடயவியல் புகைப்படம் குறித்துத் தங்கள் தளத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். நான் சிங்கப்பூரில் கைரேகை ஒப்பீட்டுப் பணியில் இருப்பவள். வரும் மாதம் முதல் எங்கள் ஆய்வுக்கூடத்தின் புகைப்படக் கலைஞர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு என்னிடம் வருகிறது. அவர்களுள் இருவர் நான் பள்ளியில் படித்த காலத்திலேயே இந்த வேலைக்கு வந்தவர்கள். அவர்களை அண்ணன் என்று அழைத்தே பழகிவிட்டேன். எனக்கோ கைப்பேசியில் எடுக்கும் அளவுக்குத்தான் படம் எடுக்க வரும். அவர்களுடைய வேலையில் நான் எதைப் பார்ப்பது? திருத்தம் சொல்ல வேண்டியிருந்தால் எப்படிச் சொல்வது? மங்கலாக விழுந்த படங்களை அங்கேயே நீக்கிவிடுவதில் தவறு உண்டா என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

வணக்கம். படம் எடுக்க வராதது இந்தப் பொறுப்பில் உங்களுக்குப் பெரிய குறையாக இராது என்றே நினைக்கிறேன். இத்தனை காலம் அந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கி, ரேகை ரேகையாகத் தொடர்ந்து பார்த்து வந்தவர் நீங்கள். ஒரு படம் எந்த இடத்தில் கைவிடும் என்பது அதை எடுத்தவரைவிட அதை வைத்து வேலை செய்தவருக்கே நன்றாகத் தெரியும். நான் பணியில் இருந்தபோது ஒளிப்படப் போட்டிகளில் பரிசுகள் வாங்கிய ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். தமக்குக் கீழே இருந்தவர்களின் படங்களில் அவர் கடைசிவரை அழகையே தேடிக்கொண்டிருந்தார். நீங்கள் தேட வேண்டியது, இந்தப் படத்தை வைத்து எதை அளக்க முடியும், எதை ஒப்பிட முடியும் என்பதை.

உங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். கைரேகைப் படம் உண்மை அளவில் ஓர் அங்குலத்திற்கு 1000 பிக்சல் அடர்த்தியாவது கொண்டிருக்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. 24 மெகாபிக்சல் கேமராவில் கிடைப்பது ஏறத்தாழ 6000-க்கு 4000 பிக்சல். ஆகவே அந்த அடர்த்தியில் ஒரே படத்துக்குள் அடங்கக்கூடிய பரப்பு 6 அங்குலத்திற்கு 4 அங்குலம் மட்டுமே. கதவின் பாதியைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்துவிட்டு ரேகையைப் பிறகு வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், கேமராவைத் தொடாமலே இந்தக் கணக்கைக் கொண்டு அவருக்குப் பதில் சொல்லலாம். கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா கோப்பு இல்லாமல், சுருக்கப்பட்ட ஜேபெக் மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வியர்வைத் துளைகளையும் ரேகை விளிம்புகளையும் பார்க்க வேண்டிய இடத்தில் அந்தச் சுருக்கம் கையை வைக்கும்.

காலணித் தடங்கள் உங்களுக்குப் புதியவையாக இருக்கலாம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மழைக்குப் பின் புல்வெளி ஓரத்தில் பதிந்த தடம் தரைமட்டத்திலிருந்து கீழே இறங்கியிருக்கும். அவசரத்தில் அளவுகோலைத் தரையின் மேலேயே வைத்துவிடுவார்கள். கேமரா தடத்தின் அடியிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, அளவுகோல் ஒரு சென்டிமீட்டர் மேலே கிடந்தால், அளவுகோல் மட்டும் இரண்டு விழுக்காடு பெரிதாகத் தெரியும். அதை நம்பி உண்மை அளவுக்கு அச்சிட்டால் 30 சென்டிமீட்டர் தடம் 29.4 சென்டிமீட்டராகக் குறுகிவிடும். அந்த 6 மில்லிமீட்டர் ஐரோப்பியக் காலணி அளவில் ஏறத்தாழ ஓர் எண். படம் பார்க்கக் கூர்மையாக, வெளிச்சம் சீராக, குறை சொல்ல இடமில்லாமல் இருக்கும். ஒப்பீடு மட்டும் தவறிப்போகும். ஆகவே அளவுகோல் தடத்தின் அடிமட்டத்தில் இருந்ததா, கேமரா அதற்கு இணையாக முக்காலியில் நின்றதா, கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் தாழ்த்திப் பல திசைகளிலிருந்து சாய்வொளி கொடுத்தார்களா என்று படக்குறிப்பேட்டில் பாருங்கள். குறிப்பேட்டில் எழுதியிராவிட்டால் செய்யவில்லை என்றே கொள்ளுங்கள்.

வந்த படங்களைப் பார்ப்பதைவிட வராத படங்களைக் கண்டுபிடிப்பது கடினம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் நடைவழி, வாசல், கூடம், அறை, அறைக்குள் பொருள், பொருளின் மேல் கறை என்று தொலைவிலிருந்து அண்மைக்கு வரும் வரிசையில் நடுவே ஒரு படி விடுபட்டால், அண்மைப்படத்தில் உள்ள கறை எந்த வீட்டின் எந்தச் சுவரில் இருந்தது என்பதற்குப் படம் சாட்சி சொல்லாது. வீட்டைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துக் கழுவியும் விட்டபின் திரும்பிப் போய் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. எனவே வழக்கின் கதையைக் கேட்பதற்கு முன்னர், அந்த இடத்தையே அறியாதவராக, படங்களை மட்டும் வரிசையாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். கதையைக் கேட்டபின் பார்த்தால், விடுபட்டதை உங்கள் மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. குளிர்சாதன வண்டியில் 22 பாகையில் கிடந்த கேமராவை நம் புழுக்கத்தில் வெளியே எடுத்தவுடன் லென்ஸின் மேல் நீர்த்திவலை படியும். துடைத்துவிட்டு எடுத்தாலும் சில நிமிடங்களுக்குப் படம் மென்மையாகவே விழும். சின்னத் திரையில் அது தெரிவதும் இல்லை. இரத்தக்கறையைக் காட்டித்தரும் லுமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தபின் வரும் நீல ஒளி அரை நிமிடம் அளவே நிற்கக்கூடியது என்பதை நினைத்துப் பாருங்கள். கேமராவை மூடிய பையோடு முன்கூட்டியே வெளியே வைத்துச் சூடேற விட வேண்டும் என்பதை எழுதப்பட்ட நடைமுறையாகவே ஆக்கிவிடலாம்.

இனி, மங்கலான படங்கள். நீக்கக் கூடாது. நீக்குகிறவர் பெரும்பாலும் ஒழுங்கை விரும்புகிறவராகத்தான் இருப்பார். ஆனால் கோப்பு எண்களில் 0142-க்கு அடுத்து 0145 வந்தால், இடையிலிருந்த இரண்டையும் பற்றிக் கேட்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முழு உரிமை உண்டு, மங்கலாக இருந்தன என்ற பதிலைச் சரிபார்க்க எவருக்கும் வழியில்லை. 2012-இல் திருத்தப்பட்ட நம் சாட்சியச் சட்டத்தின் 116ஏ பிரிவு, முறையாகப் பயன்படுத்தினால் வழக்கமாகச் சரியான மின்பதிவைத் தரக்கூடிய கருவியிலிருந்து வந்த பதிவை, ஐயம் எழுப்பும் சான்று எதிரே வராதவரை, சரியானதென்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. கருவி முறையாகத்தான் பயன்படுத்தப்பட்டது என்று காட்டுவதற்கான ஏடுகள் எல்லாம் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். மெமரி கார்டிலிருந்து இறக்கியவுடன் ஹாஷ் மதிப்பை (கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியை) குறித்துக்கொள்வது, மூலக்கோப்பைப் பூட்டிவைத்து நகலில் மட்டும் வேலை செய்வது, நகலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதிவைப்பது ஆகிய மூன்றிலும் சலுகை காட்டாதீர்கள். மங்கலை மென்பொருளே சரிசெய்துவிடும் என்று இளையவர்கள் இப்போது சொல்லத் தொடங்கியிருப்பார்கள். 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், செயற்கை நுண்ணறிவால் துலக்கப்பட்ட காணொளியை நீதிபதி ஏற்க மறுத்தார். இல்லாத பிக்சலை ஊகித்து வைக்கிற கருவி தடயத்தின் பக்கமே வரக் கூடாது என்பது என் கருத்து.

அண்ணன்மாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மூத்தவர்களுக்குச் சுடுவது அவர்களுடைய திறமையை எடைபோடும் சொல்தான். 'இது சரியில்லை அண்ணே' என்பதை விட்டுவிட்டு, 'இந்த அளவுகோலை வைத்து என்னால் அளக்க முடியவில்லை அண்ணே, வேறு படம் இருக்கிறதா' என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால் அடுத்த முறை நீங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்திருப்பார். எல்லார் வேலையையும் ஒரே படிவத்தில் பாருங்கள். மூத்தவருடைய கோப்பை மரியாதைக்காகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டால் இளையவர்கள் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார்கள்.

அவர்களுக்காக நீங்கள் பேச வேண்டிய தருணங்களும் வரும், அதுவும் உங்கள் பழைய பிரிவை எதிர்த்தே வரும். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் பிளாஸ்டிக் பை ஒன்றில் கிடைத்த கைரேகையை ஒரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ தவறாக உறுதிசெய்து, அவரைக் காவலிலும் வைத்தது. அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் காவல்துறை காட்டியபின், தனக்கு வந்த டிஜிட்டல் படத்தின் தரத்தைத்தான் எஃப்பிஐ முதலில் காரணமாகச் சொன்னது. பிறகு அதே அமைப்பு கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு, படத்தில் குறையில்லை, ஒப்பிட்டவர்களே தவறினர் என்று கண்டது. படம் சரியில்லை என்ற புகார் மேலே வரும்போது, மூலக்கோப்பைத் திறந்து நீங்களே பார்க்காமல் எவரையும் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு, பணியின் பொருட்டுக் கொடுமையான காட்சிகளைப் படங்களில் மீண்டும் மீண்டும் பார்க்க நேர்வதையும் மனவடுவுக்கான காரணங்களுள் சேர்த்தது. உங்கள் கலைஞர்கள் அதை இடத்தில் ஒருமுறையும், திரையில் பலமுறையும் பார்க்கிறவர்கள். தரம் பார்க்கும் நீங்களும் இனி அந்த வரிசையில் சேர்கிறீர்கள். பணிப்பட்டியல் போடும் அதிகாரம் உங்களிடம் வருவதால், சம்பவ இடத்தில் படமெடுத்தவரையே பிணக்கூறாய்வுப் படத்துக்கும் அனுப்பாமல் பிரித்துப் போட முடியும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள் இந்த மாதம் யாருக்கு எத்தனை போயின என்ற கணக்கையும் அந்தப் பட்டியலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் அண்ணன்மார் பழகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வழக்கை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.

அன்புடன்.