சம்பந்தி வீட்டுக்கு ஷ்வேஷ்வே டூக்: அசலா, நகலா?

கேள்வி: என் மகன் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தைச் சேர்ந்த கோசா இனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். சம்பந்தி அம்மாவுக்குப் புடவையோடு ஷ்வேஷ்வே (இங்கத்து நீல அச்சுப் பருத்தி) துணியில் டூக் (பெண்கள் தலையில் கட்டும் துணி) ஒன்றும் வைத்துக்கொடுக்க ஆசைப்பட்டு, 'ஒரிஜினல்' என்று இணையத்தில் போட்டிருந்ததை வாங்கினேன். போன வாரம் வந்தது. துணி வழவழவென்று இருக்கிறது, பின்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: ஆமாம் அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மேலாக அச்சடித்த போலித் துணிதான்.

அசல் ஷ்வேஷ்வேயில் வெள்ளைத் துணிமேல் நீலப் பூவை அச்சடிப்பதில்லை. முழுத் துணிக்கும் முதலில் சாயம் ஏற்றிவிடுவார்கள். பிறகு கோலம் செதுக்கிய செப்பு உருளைகளில் விட்டு, லேசான அமிலத்தால் அந்தந்த இடத்துச் சாயத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளியும் கோடும் சாயம் போன இடங்கள். அதனால்தான் நல்ல துணியைத் திருப்பினால் பின்பக்கமும் நீலமாகவே இருக்கும். கடையில் முன்பக்கத்து அழகைப் பார்த்து மயங்காமல் முதலில் திருப்பிப் பாருங்கள். ஆலை முத்திரையும் அந்தப் பக்கம்தான் இருக்கும். 'மூன்று பூனை' முத்திரையைக் கோசாப் பெரியவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். முன்பு இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த துணி அது. கிழக்கு கேப்பின் ஸ்வெலிட்ஷாவில் உள்ள தா காமா ஆலை 1982-இல் ஷ்வேஷ்வே அச்சிடத் தொடங்கி, 1992-இல் மூன்று பூனையின் உரிமையையும் வாங்கியது. ஆக, சம்பந்தி அம்மாவின் சொந்த மாகாணத்துத் துணி. அவர் கண்ணிலிருந்து போலி தப்பாது!

திருப்பி அனுப்புவது சுலபம், ஆனால் தாமதிக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. அந்தக் கெடு தாண்டிவிட்டாலும் பரவாயில்லை. 'ஒரிஜினல்' என்று சொல்லி வேறொன்றை விற்றது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு விற்றவருக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. டூக்கை மட்டும் துவைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் கடையில் வாங்கிய ஷ்வேஷ்வே அட்டைபோல விறைப்பாக இருக்கிறது, ஒரு மாதிரி வாடையும் வருகிறது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா? மாற்றித் தருவார்களா?
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: சந்தோஷப்படுங்கள், கைக்கு வந்திருப்பது அசலாகத்தான் இருக்க வேண்டும். கப்பலில் மாதக்கணக்கில் வந்த காலத்தில் துணி கெடாமல் இருக்கக் கஞ்சி போட்டார்கள். கப்பல் போயும் கஞ்சி நிற்கவில்லை. வாங்குபவர்கள் அந்த விறைப்பையும் வாடையையும் வைத்தே துணியைத் தேர்ந்தெடுக்கப் பழகியிருந்தார்கள். நாக்கில் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. (நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.) துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும். முதல் சில தடவை சாயமும் கொஞ்சம் இறங்கும், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பத்துத் தடவை அலசியும் தண்ணீர் நீலமாகவே வந்தால் அப்போது சந்தேகப்படலாம்.

மாற்றுவதைப் பற்றி: குறையுள்ள பொருள் என்றால் 6 மாதத்துக்குள் பழுதுபார்த்தோ, மாற்றியோ, பணமாகவோ கேட்கலாம். கடைச் சுவரில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று எழுதி வைத்திருந்தாலும் செல்லாது. ஆனால் விறைப்பு குறையல்ல. மனசு மாறிவிட்டது என்பதற்காக, நேரில் போய் வாங்கியதைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

கேள்வி: ஷ்வேஷ்வே நம் ஊர்த் துணி, இந்தியாவிலிருந்து வந்தது என்று ஒரு வியாபாரி அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– டொங்காட் வாசகி

பதில்: பாதி உண்மை. நீலச் சாயமும் அச்சுப் பருத்தியும் இந்தியாவிலிருந்து, முக்கியமாகச் சோழமண்டலக் கரையிலிருந்து, ஐரோப்பியக் கப்பல்களில் உலகம் சுற்றியவைதான். ஆனால் ஷ்வேஷ்வேயின் நேர் முன்னோர் மத்திய ஐரோப்பிய நீல அச்சுத் துணிகள். 1858-59-இல் கிழக்கு கேப்புக்கு வந்த ஜெர்மானியக் குடியேறிகள் அதை விரும்பி உடுத்தினார்கள், அதனால் 'ஜெர்மன் பிரிண்ட்' என்றும் சொல்வார்கள். லெசோத்தோ அரசர் முதலாம் மோஷ்வேஷ்வேக்கு பிரெஞ்சு மிஷனரிகள் நீலத் துணி பரிசளித்தார்கள், அவர் பெயரே துணிக்கும் ஒட்டிக்கொண்டது என்பது வழிவழியாக வரும் கதை. அதைத் தம் கல்யாண உடையாக்கி, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கொண்டுவந்தது சோத்தோ, கோசாப் பெண்கள்தான். 'நம் ஊர்த் துணி' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

டூக் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு யோசனை. தைத்து விற்பதை விட்டுவிட்டு, டர்பனின் கிரே தெரு (இப்போதைய டாக்டர் யூசுஃப் தாதூ தெரு) பக்கம் போய் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குங்கள். வழக்கமான அகலம் 90 செ.மீ.தான், ஒரு மீட்டர் எடுத்தால் ஒரு சதுர டூக் கிடைத்துவிடும். பருத்தி சுருங்கும், ஆகவே ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டி ஓரம் அடிக்கச் சொல்லுங்கள்.