மகள் கேட்பது மெர்ச்சன்ட் நேவி படிப்பு இல்லை, சார்

வணக்கம் சார். உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. பெண் பிள்ளை மாதக்கணக்கில் நடுக்கடலில் இருக்க வேண்டுமே என்பது ஒன்று. படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. முதல் பயத்தை இப்போதே விட்டுவிடலாம். மகள் கேட்பது நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பலை வடிவமைக்கும் படிப்பு. கப்பல் ஓட்டும் படிப்பு வேறு, இது வேறு. (கப்பல் ஓட்டுவதிலும் ராதிகா மேனன் போன்ற பெண் கேப்டன்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி வைக்கிறேன்.) இவளுக்கு வேலை பெரும்பாலும் கரையில், கம்ப்யூட்டர் முன்னால். எப்போதாவது சோதனை ஓட்டத்துக்காகக் கப்பலில் சில நாட்கள் இருக்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

“நிஜக் கடலில் கப்பல் எப்படி ஓடும் என்று கணிக்கிற வேலையாம்” என்று கொஞ்சம் கிண்டலாகவே எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறது சார். பைக் கம்பெனி சொல்லும் மைலேஜ் நம் ரோட்டில் கிடைக்கிறதா? கப்பலிலும் அதே கதைதான். புதுக் கப்பலை ஒப்படைக்கும் முன் கூடியவரை அமைதியான கடலில் ஓட்டி, காற்று, அலை, நீரோட்டத்தின் பாதிப்பைக் கணக்கில் கழித்து வேகத்தைக் குறிப்பார்கள். ஜூலை மாத அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்த்துப் போகும்போது அந்த வேகம் வராது. எவ்வளவு குறையும் என்பதற்கு, வடிவமைப்பாளர்கள் வெகுகாலமாகக் குத்துமதிப்பாக 15 சதவீதம் கூடுதல் சக்தியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இன்று அது போதாது. ஏன் என்பதற்கு ஒரு வழக்கமான தகராறைப் பாருங்கள். நல்ல வானிலையில் 14 நாட் (knot, மணிக்கு 14 கடல் மைல்) வேகம், இவ்வளவு எண்ணெய் என்று ஒப்பந்தம் போட்டுக் கப்பலை வாடகைக்கு விடுகிறார் முதலாளி. எஞ்சின் முழு மூச்சாக ஓடியும் கப்பல் 12 நாட்தான் போகிறது. இரண்டு நாட்தானே என்று தோன்றும். ஆனால் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப்படி ஏறும்; வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. அமைதியான நீரில் 12 நாட்டுக்கு 14 நாட்டின் சக்தியில் 63 சதவீதம் போதும். அப்படியானால் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்கே போனது? “எல்லாம் வானிலை” என்கிறார் முதலாளி. “அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கிறது, சுத்தம் செய்யவில்லை” என்கிறார் வாடகைக்கு எடுத்தவர். கையில் இருப்பது கேப்டன் தினமும் நண்பகலில் அனுப்பும் அறிக்கை: இருக்கும் இடம், ஓடிய தூரம், செலவான எண்ணெய், காற்று, அலை. இதை வைத்துக்கொண்டு காற்று தின்றது எவ்வளவு, அலை தின்றது எவ்வளவு, பாசி தின்றது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அலையால் கூடும் தடை அலை உயரத்தின் வர்க்கப்படி ஏறும். 2 மீட்டர் அலை 4 மீட்டரானால் தடை நாலு மடங்கு. கேப்டன் அலையைக் கண்ணால் பார்த்து எழுதுகிற உயரத்தில் அரை மீட்டர் பிசகினாலும் பணம் கைமாறும் திசை மாறலாம். உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது இந்தச் சிக்கல்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணிப்புக்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில் தொட்டி கட்டிச் சின்னக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். 180 மீட்டர் கப்பலுக்கு 5 மீட்டர் மாதிரி செய்தால் 36-இல் ஒரு பங்கு. வேகத்தை அதன் வர்க்கமூலமான ஆறால் வகுத்து, 15 நாட்டுக்குப் பதில் 2.5 நாட்டில் இழுத்தால் அலை எழும்பும் விதம் ஒத்துப்போகும். உராய்வு மட்டும் ஒத்துப்போகாது, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இன்றும் தொட்டி இருக்கிறது. கூடவே கணினி மாதிரிகளும் சென்சார் தரவுகளும் சேர்ந்திருக்கின்றன.

வேலைக்கு வருவோம். 2023 முதல் 5,000 டன்னுக்கு மேற்பட்ட சர்வதேசக் கப்பல்களுக்குக் கார்பன் அளவைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏ முதல் இ வரை (A–E) தர எழுத்து உண்டு. அதனால் கப்பல் கம்பெனிகள், தரச்சான்று நிறுவனங்கள், வானிலை பார்த்துப் பாதை சொல்லும் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனாலும் இது சின்ன உலகம் சார். சாஃப்ட்வேர் மாதிரி கல்லூரிக்கே வந்து கூட்டமாக அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். முதல் வேலைக்கு மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் என்று வெளியூர் போகத் தயாராக இருக்க வேண்டும்.

படிக்கும் இடங்களும் குறைவு. சென்னை, கரக்பூர் ஐ.ஐ.டி.களுக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, குசாட் எனப்படும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அவர்களின் சொந்த நுழைவுத் தேர்வான கேட் (CAT), இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்துக்கு ஐ.எம்.யு. செட் (IMU CET) நுழைவுத் தேர்வு. மூன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி. நான் பார்க்கும் வீடுகளில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எதுவும் அமையாவிட்டால் உள்ளூரிலேயே நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் சேரட்டும். பிறகு கேட் (GATE, இது எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுதி எம்.டெக்.கில் ஓஷன் இன்ஜினியரிங் பக்கம் திரும்பலாம். எனக்கு இந்த வழி இரண்டாம்தரமாகத் தெரியவில்லை, பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபத்தொன்றில் சரிபார்க்க அவகாசம் கிடைக்கிறது.

ஒன்று மட்டும் அவளிடம் கேளுங்கள்: கணக்கு பிடிக்குமா? மார்க் வருமா என்று கேட்கவில்லை. வகைக்கெழுச் சமன்பாடும் நிகழ்தகவும் நாலு வருஷமும் கூடவே வரும். கப்பல் படம் பார்த்து வந்த ஆசையென்றால் இரண்டாம் வருஷம் திணறுவாள். நண்பகல் அறிக்கைத் தகராறை மட்டும் அவளிடம் படிக்கக் கொடுங்கள். என்ன கேள்வி கேட்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்தத் தேர்வுக்கு முதலிடம் கொடுப்பது என்று பேசலாம்.