கியர் லீவர் ஆடுகிறதா, வெல்டிங் வேண்டாம்!

கேள்வி: அண்ணே, என் 150 சிசி வண்டிக்கு ஏழு வயது. லீவர் நேராக இன்ஜினில் இல்லை, நடுவில் ஒரு கம்பி வழியாகப் போகிறது. மூன்று மாதமாக லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி நிற்கும்போது இரண்டிலிருந்து மூன்று போட்டால் கியர் விழாமல் இன்ஜின் மட்டும் கத்துகிறது. ஒரு கடையில் போல்ட்டை இறுக்கிக் கொடுத்தார்கள், நான்கு நாள்தான் தாங்கியது. இன்னொருவர், "இன்ஜினிலிருந்து வெளியே நீளும் கியர் ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம், ஜென்மத்துக்கும் ஆடாது" என்கிறார். வைத்துவிடவா?
- வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: வைக்காதீர்கள் தம்பி. ஆடாது என்பது உண்மைதான், அப்புறம் கழலவும் கழலாது. நானும் ஒரு காலத்தில் அவசரத்துக்கு ஒரு டாக், அதாவது வெல்டிங் பொட்டு, அடித்துக்கொண்டவன். செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றக் கவரைக் கழற்ற வேண்டி வந்தபோது அந்த வெல்டிங்கை அறுத்து எடுக்கவே அரை நாள் போனது, ஷாஃப்டும் பாழ். போதாததற்கு, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது வெந்துபோனால் ஆயில் கசிய ஆரம்பித்துவிடும்.

உங்கள் கடைக்காரர் எங்கே ஆடுகிறது என்று பார்க்காமலே இறுக்கியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் மாதிரி வண்டியில் ஆட்டம் வர நான்கு இடம் உண்டு: லீவர் மாட்டியிருக்கும் புஷ் (உள்ளே இருக்கும் உலோக வளையம்), கம்பியின் இரு முனையிலும் இருக்கும் பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு), கடைசியாக ஷாஃப்டின் பல்லில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து பாதத்தின் பாதி அசைவைத் தின்றுவிடும். இன்ஜினை அணைத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு உட்காருங்கள். ஒரு கையால் லீவரை மெல்ல மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, மறு கை விரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா இருக்கிறதோ அங்கேதான் நோய்.

நான்கு நாளில் மறுபடி லூஸ் என்றால் என் சந்தேகம் அந்தச் சின்னக் கைமேல்தான். அது ஷாஃப்டில் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டை முழுசாக உருவிவிட்டுக் கழற்றுங்கள். சும்மா தளர்த்தினால் பல வண்டியில் வராது, ஏனென்றால் போல்ட் ஷாஃப்டில் இருக்கும் ஒரு பள்ளத்தின் வழியாகப் போகிறது. இது தெரியாமல் சுத்தியலால் தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்துவிட்டு இரண்டு பக்கப் பல்லையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் கையின் பல்தான் முதலில் தேயும். அப்படியானால் புதுக் கை வாங்கிப் போட்டால் முடிந்தது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காதது இல்லை. ஷாஃப்டின் பல்லே மழுங்கியிருந்தால்தான் செலவு, பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் பக்கத்தைத் திறந்து ஷாஃப்டை மாற்ற வேண்டிவரும்.

பல் இரண்டுமே நன்றாக இருந்தும் ஆடுகிறதா? அந்தச் சின்னக் கையில் இருக்கும் பிளவைப் பாருங்கள். இறுக்கி இறுக்கி அதன் இரண்டு உதடும் ஒட்டிப் போயிருக்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் போல்ட்தான் டைட், ஷாஃப்டை அது பிடிக்கவே பிடிக்காது. ஆக்ஸா பிளேடால் பிளவை இம்மியளவு அகலப்படுத்தினால் மறுபடி கவ்வும். குளிர்பான டப்பாவின் தகட்டை வெட்டிக் கைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் செருகுவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

மாட்டும்போது போல்ட் மரையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். ஸ்பேனரில் பைப் செருகி முறுக்கினால் அந்த 6 எம்எம் போல்ட் பட்டென்று அறுந்துவிடும்.

பால் ஜாயின்ட் நம்ம பக்கத்து வண்டிகளுக்குச் சாபம். கடல் உப்புக்காற்று ஒரு பக்கம், கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீர் ஒரு பக்கம், ரப்பர் தொப்பி கிழிந்துவிட்டால் உள்ளே மணலும் துருவும்தான். வெறும் கிறீச் சத்தம் என்றால் கிரீஸ் வையுங்கள், ஆட்டமே வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அதைக் கழற்றும்போது ஒரு கவனம்: பல வண்டிகளில் கம்பியின் ஒரு முனை சாதாரண மரை, மறுமுனை இடதுபக்க மரை. கழற்றுகிறோம் என்று இறுக்கிக்கொண்டே இருப்போம். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதியும் உண்டு, இரண்டு லாக் நட்டையும் தளர்த்திக் கம்பியை மட்டும் சுற்றினால் லீவர் உயரம் மாறும். உங்கள் ஷூவுக்கு ஏற்ற உயரம் வந்ததும் கம்பியும் சின்னக் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள், கோணல் அதிகமானால் மிதிப்பதில் பாதி வீண். லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள், மறந்தால் அடுத்த மாதம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

லீவர் புஷ் தேய்ந்திருந்தால் பித்தளையில் ஒன்று கடைந்து தர நம்ம ஏரியாவில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? இத்தனையும் சரிசெய்த பிறகும் மூன்று விழவில்லை என்றால் கிளட்ச் கேபிளின் தளர்வைப் பாருங்கள், அதுவும் சரி என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்.

கேள்வி: அப்பாவின் பழைய புல்லட்டை எடுத்து ஓட்டுகிறேன், வலது பக்க கியர். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் மானம் போகிறது. இதுவும் லிங்கேஜ் கோளாறா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: நம்ம நாட்டு புல்லட் பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! இதில் கம்பி லிங்கேஜ் எதுவும் இல்லை, லீவர் நேராக கியர்பாக்ஸில்தான் மாட்டியிருக்கிறது. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர் லீவர் பக்கத்திலேயே இன்னொரு குட்டி லீவர் இருக்கிறது பாருங்கள், அதுதான் நியூட்ரல் ஃபைண்டர். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அதை அழுத்தினால் இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தாலும் நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரிலிருந்து மட்டும் வராது, அதனால் சிக்னலுக்கு வரும்போது இரண்டிலேயே வாருங்கள். அழுத்தியும் வரவில்லை என்றால் முதலில் கிளட்ச் முழுசாக விடுபடுகிறதா என்று கேபிளைப் பாருங்கள்.